ஒரு பேன் மிச்சம்

ஹந்தானைக் காப்பித் தோட்டத்தில், இலைகளில் துருநோய் விழுவதற்கு முந்திய வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு மணிக்குக் குளத்துக் கெண்டைகள் வாய்க்கால் ஓரமாக ஊர்ந்து வந்து, கூலியாட்கள் குடியிருந்த லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த பெண்களின் மடியில் தலை வைத்துப் படுத்தன. அவற்றுக்குப் பேன் பிடித்திருந்தது. கண்ணாடிச் சில்லுபோலத் தட்டையாகச் செதிலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கிற மீன்பேன். பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பார்ப்பதுபோலவே பார்த்து, நகங்களுக்கு நடுவே வைத்து நசுக்கி, அரைப் பீப்பாய் உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் விட்டெடுத்துக் குளத்துக்கு அனுப்பினார்கள். உப்பை அக்குறணை வியாபாரி தாஸிம் பொதிமாட்டில் கொண்டுவந்தார். “மீனுக்கு உப்புப் போடுறது மௌத்தான பொறகுதானே தங்கச்சி, நீங்க உசிரோட போடுறீங்களே!” என்று சிரித்துவிட்டு, இன்னொரு பொதியையும் இறக்கினார்.

மூக்காயியின் மடிக்கு வந்தது சின்னக் கெண்டை. அதன் வலப்பக்கம் சுத்தமாக இருந்தது. இடப்பக்கம் முழுக்கப் பேன். அதைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன், மன்னாரில் இறங்கி இந்தத் தோட்டத்துக்கு நடந்து வந்தபோது, தம்புள்ளைக்கு இப்பால் ஒரு மரத்தடியில் மகள் பாப்பம்மாவுக்குத் தலை பார்த்துக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் முடித்து இடப்பக்கம் திருப்பியபோது பிள்ளைக்கு உயிர் இல்லை. வாந்திபேதி. ஆள் கூட்டிவந்த கங்காணி இருளப்பன் கூட்டத்தை நிற்கவிடவில்லை; சருகை அள்ளி மூடிவிட்டு நடந்தார்கள்.

“வந்துட்டியா,” என்று மட்டும் சொல்லி, மூக்காயி இடப்பக்கத்தைப் பார்க்கத் தொடங்கினாள். எல்லாவற்றையும் எடுத்தவள் செவுளுக்குப் பின்னால் ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள். சுகமான மீன்கள் திரும்பி வருவதில்லை என்பதைக் கவனித்திருந்தாள். உப்புத் தண்ணீரிலும் விடவில்லை. மறுநாள் நாலு மணிக்கு அது மறுபடி வந்தது. அதற்கு அடுத்த நாளும் வந்தது. அந்த ஒரு பேன் முட்டையிட்டுப் பெருகி, சுகமான மீன்களையெல்லாம் மறுபடி பிடித்தது. மூன்று மாதம் இப்படியே போயிற்று. காப்பிக்கொட்டை கழுவும் தண்ணீரில் மீன்கள் செத்து மிதந்தபோது, பேன் ஒழிய, வருகிற திங்கட்கிழமை குளத்தில் சுண்ணாம்பு கொட்டச் சொல்லித் துரை உத்தரவிட்டார்.

“ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு பேன் இல்லாம எடுத்துடுங்க,” என்றார் இருளப்பன். “இல்லாட்டி ஒரு மீனும் தப்பாது.”

அவர் போனதும் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த வீரம்மா மெதுவாக, “அக்கா, நீ ஒண்ணு விட்டு வக்கிற,” என்றாள்.

“தெரிஞ்சா வாயப் பொத்திக்கிட்டுக் கெட.”

“நானும் ரெண்டு புள்ளையப் பறிகொடுத்தவதான். சுண்ணாம்புல வெந்து சாகுமே, அது பரவாயில்லையா ஒனக்கு?”

ஞாயிற்றுக்கிழமை மூக்காயி வெகுநேரம் மீனின் இடப்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு செவுளுக்குப் பின்னால் இருந்ததை எடுத்தாள். அதை நசுக்கவில்லை, தன் தலையில், இடப்பக்கம் விட்டுக்கொண்டாள். மீனை உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டி வாய்க்காலில் இறக்கினாள். அது திரும்பிப் பார்க்காமல் போயிற்று. திங்கட்கிழமை துரை குளத்தைப் பார்த்துவிட்டுச் சுண்ணாம்பு மூட்டைகளைத் திருப்பியனுப்பினார். நாலு மணிக்கு மூக்காயியின் மடி காலியாக இருந்தது. அதன் பிறகு எந்த நாளும் அப்படியே இருந்தது.

ஆனால் அன்றிலிருந்து அவளுடைய இடப்பக்கக் கூந்தல் காயவே இல்லை. வெயிலில் நின்றாலும் அடுப்பருகே இருந்தாலும் சொட்டிக்கொண்டே இருந்தது. துருநோய் வந்து மலை மலையாகக் காப்பி கருகியது. பாதி லயம் காலியானது. இருளப்பன் காய்ச்சலில் செத்தார். மீன் போன பத்தாம் வருஷம் பங்குனியில் ஓடையும் குளமும் வற்றிப்போயின. ஒரு நாள் வீரம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மூக்காயியின் இடப்பக்கத் தோளருகே, சொட்டும் கூந்தலுக்குக் கீழே வைத்தாள்.

“கொஞ்சம் சாஞ்சு உக்காரு அக்கா.”

மூக்காயி சாய்ந்து உட்கார்ந்தாள். குடம் நிறைந்தபோது பின்னேரம் நாலு மணி ஆகியிருந்தது. அந்தத் தண்ணீரில்தான் அன்று லயத்தில் சோறு வெந்தது. யாரும் உப்புப் போடவில்லை; தண்ணீரிலேயே உப்பு இருந்தது.