ஏரிக்கரைத் தடம்

ஆம்புலன்சிலிருந்து எழிலரசியின் தம்பி உடலை இறக்கும்போது தலைப்பக்கத்தைக் கதிர்வேல்தான் பிடித்தான். "நீ வுடு மாப்ள, நாங்க பாத்துக்கறோம்" என்று பங்காளிகள் சொல்லியும் விடவில்லை. எழிலரசி அம்மா வீட்டு வாசலில் நின்று தன் புருசனின் கைகளைப் பார்த்தாள். கடலூர் ஆஸ்பத்திரிக் குழாயடியில் அவன் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியதை அவள் பார்த்திருந்தாள். அப்படியும் நகக்கண்ணில் துப்பாக்கிக் கருமருந்து ஒட்டியிருந்தது.

திருநாவுக்கரசுக்கு இருபத்தாறு வயது. சிதம்பரத்தில் ஒரு பைக் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். வாரக் கடைசியில் அம்மாவைப் பார்க்க ஊருக்கு வருவான். வந்தால் அடுத்த தெருவிலிருக்கும் அக்கா வீட்டில் ஒருவேளைச் சாப்பாடு. நேற்று இரவும் அப்படித்தான் வந்து உட்கார்ந்தான். "மாமா எங்கக்கா?" என்று கேட்டான். "ஏரிப்பக்கம் போயிருக்காரு. போயி கூட்டியா, சோறு ஆறுது" என்றாள் இவள். போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லி அதை இவளிடமே கொடுத்துவிட்டு, முந்திரித்தோப்பு வழியாக இருட்டில் போனான். கால் மணி நேரத்தில் ஒரு வெடிச்சத்தம் கேட்டது.

அவனைத் தோளில் போட்டுத் தூக்கிவந்ததும் கதிர்வேல்தான். ஆஸ்பத்திரி போவதற்குள் உயிர் போய்விட்டது.

"எவனோ பன்னி சுட வந்தவன் சுட்டுட்டான் சார். சத்தம் கேட்டுத்தான் ஓடுனன்" என்று போலீசிடம் சொன்னான். போலீஸ்காரர் எழிலரசியிடம் திரும்பி, "அதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரரு எங்கம்மா இருந்தாரு?" என்று கேட்டார்.

"வீட்டுலதான் சார்."

அந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. இப்போது அந்தப் போலீஸ்காரர் தெருமுனை டீக்கடையில் பைக்கை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காரியம் முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்.

எழிலரசியின் அப்பா காலத்தில் ஏரிக்கு அந்தப்பக்கக் காட்டில் புள்ளிமான்கள் கூட்டம் கூட்டமாக மேய்ந்தன. கோடையில் தண்ணீர் தேடி மங்கலம்பேட்டை ரோடு வரைக்கும் வரும். அப்பா ஐந்து பேரோடு போவார். விடிவதற்குள் கறி பங்காகிவிடும். மாட்டினால் ஜெயில் என்பது அப்போதும் தெரிந்ததுதான். பிறகு காட்டோரமெல்லாம் முந்திரியும் தைலமரமும் ஆனது. லாரியில் அடிபட்டது, நாய் கடித்தது, வறண்ட கிணற்றில் விழுந்தது, இவர்கள் சுட்டது என்று எல்லாம் போய் மிச்சம் ஒன்றுமில்லை. அப்பா செத்தபின் கூடப் போனவர்களில் நான்கு பேர் நிறுத்திக்கொண்டார்கள். மாமனாரின் துப்பாக்கியை வாங்கிக்கொண்ட கதிர்வேல் மட்டும் நிறுத்தவில்லை. இரண்டு வருசமாக வெறுங்கையோடுதான் திரும்பினான். போன வாரம் ஏரிக்குட்டைச் சேற்றில் ஒரு குளம்புத் தடம் பார்த்துவிட்டு வந்தவன் குழந்தை மாதிரி சிரித்தான். "ஒண்ணே ஒண்ணு எழிலு. நல்ல கொம்பு மானா இருக்கணும்." அன்றிலிருந்து தினமும் இருட்டில் போய் உட்கார்ந்தான்.

குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க அவன் கொல்லைப்பக்கம் வந்தபோது எழிலரசி பின்னாலேயே போனாள்.

"அம்மாகிட்ட என்னாங்க சொல்றது?"

டிரம்மில் குடத்தை அமுக்கிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"அவன ஏண்டி அனுப்புன?" என்றான்.

குடம் நிறைந்து வழிந்தது. தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

குளிப்பாட்டி, புதுவேட்டி போர்த்தி, பாடையில் வைத்தாகிவிட்டது. சின்னப் பங்காளி சுப்புராயன் கொள்ளிச்சட்டியோடு வந்து, "கல்யாணம் ஆவாத புள்ள. அப்பனும் இல்ல. கொள்ளி யாரு வெக்கறது?" என்று கேட்டார்.

அம்மா விருத்தாம்பாள் மகனின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அழுது குரல் கட்டிப்போயிருந்தது.

"மாப்ளதான். இனிமே எனக்கு அவுருதான் புள்ள" என்றாள்.

சுப்புராயன் சட்டியை நீட்டினார். கதிர்வேல் அதை வாங்கவில்லை. புகை அவன் முகத்துக்கு நேரே போய்க்கொண்டிருந்தது. அவன் மண்டிபோட்டு மாமியாருக்கு எதிரில் உட்கார்ந்தான்.

"நான் வெக்கக்கூடாது அத்த. நான்தான் சுட்டன்."

மேளம் அடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். யாரோ ஒருவர் அவன் சட்டையைப் பிடிக்க வந்து, விருத்தாம்பாளின் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார். அவள் முப்பது வருசம் வேட்டைக்காரனோடு குடும்பம் நடத்தியவள்.

"லைட்டு அடிக்கலியா மாப்ள?" என்று கேட்டாள். "லைட்டு அடிச்சு, ரெண்டு கண்ணும் மின்னுனாத்தான சுடுவாங்க?"

"லைட்டு அடிச்சா ஓடிப்புடும்னு... ஒண்ணுதான் அத்த இருந்துச்சு. அத வுட்டா வேற இல்ல. சருவு சத்தம் கேட்டுச்சு."

மகனின் மேல் கிடந்த வேட்டி காற்றில் விலகியிருந்தது. விருத்தாம்பாள் அதை இழுத்துக் காலை மூடினாள்.

கதிர்வேல் எழுந்து தெருவில் நடந்தான். யாரும் தடுக்கவில்லை. டீக்கடையில் போலீஸ்காரர் கிளாசை வைத்துவிட்டு எழுந்து நிற்பது இங்கிருந்தே தெரிந்தது. அவன் ஒருமுறை திரும்பிப் பார்ப்பான் என்று எழிலரசி நினைத்தாள். பார்க்கவில்லை.

சட்டியைச் சுப்புராயனே எடுத்துக்கொண்டார்.

பாடை தெருமுனையைத் தாண்டியதும் பெண்கள் தலைமுழுகத் திரும்பினார்கள். எழிலரசிக்கு அம்மா வீட்டுக்குள் போவதா, தன் வீட்டுக்குப் போவதா என்று தெரியவில்லை. வேலியோரம் நின்றாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் குளித்துவிட்டு அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கடைசியில் கொல்லையில் அம்மா மட்டும்தான் இருந்தாள்.

எழிலரசி கிட்டே போனாள்.

"நான்தாம்மா அவன அனுப்புனன். சோறு ஆறுதுன்னு அனுப்புனன். போலீசுகிட்டயும் பொய் சொன்னன்."

விருத்தாம்பாள் குடத்தை எடுத்தாள். பாதித் தண்ணீர் கீழே கொட்டியது. மறுபடி மொண்டாள்.

"தலயக் குனி" என்றாள்.

எழிலரசி குனிந்தாள். தண்ணீர் சில்லென்று பிடரியில் விழுந்தது. முதல் குடம் முடிந்து இரண்டாவது, பிறகு மூன்றாவது. அம்மாவின் விரல்கள் அவள் முடிக்குள் புகுந்து, சிக்கு இருந்த இடத்தில் நின்று, அதைப் பிரித்துவிட்டு மேலே போயின.