ஒன்பதாவதாகத் தள்ளிய பாடம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் அலைபேசிக்கு வந்தது. பத்தொன்பது நொடி வீடியோ. அதை அழிக்கவும் மனம் வரவில்லை, யாரிடமும் காட்டவும் துணிவில்லை. அதனால் எழுதுகிறேன். இது யோக்கியமான காரணம் இல்லை என்று எனக்கே தெரியும்.

2

முதல் வரைவின் தொடக்கம்: 'மேலப்பாளையத்தில் வீடு வீடாகப் போய், காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை மொழி கற்பிக்கும் ஸ்டெஃபி டீச்சர், அவர்கள்மேல் உயிரையே...'

அடித்துவிட்டேன். ஸ்டெஃபி என்று யாரும் இல்லை. அந்த டீச்சர் நான்தான், சுடலைவடிவு. உயிரை வைத்திருந்தேனா என்பதைக் கடைசியில் நீங்கள் சொல்லுங்கள்.

3

அர்வாவுக்கு நான்கரை வயது. பிறவியிலேயே காது கேட்காது. நான் போகும்வரை அவளுக்கு எந்த மொழியிலும் ஒரு சொல் கிடையாது. எங்கள் சைகை மொழி மையத்தின் பாட அட்டவணையில் முதல் பாடம் பசி, தாகம், வலி. அவள் உம்மா ஷம்ஸியா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், பெருநாளைக்கு இவ வாப்பா சவுதி தம்மாம்ல இருந்து வீடியோ கால்ல வருவாக. அதுக்குள்ள நெறமும் ஒண்ணு ரெண்டும் சொல்லிக் குடுத்திருங்க. இவளுக்கு ஒண்ணுமே ஏறாதுன்னு மாமியா வீட்டுல பேசுதாக."

"பசி, வலியெல்லாம்?"

"அத நான் மூஞ்சியப் பாத்தே கண்டுக்கிடுவேன்."

எனக்கும் பேர் வாங்க ஆசை. முதல் பாடத்தை ஒன்பதாவதாகத் தள்ளினேன்.*

பெண் கெட்டிக்காரி. சிவப்புக்கு உதட்டைத் தொடுவாள். பத்துக்கு இரண்டு கையையும் விரிப்பாள். ஒருநாள் வாசலில் வந்த தக்காளி வண்டியைப் பார்த்து 'சிவப்பு, பத்து' என்று காட்டினாள். அவளுக்குத் தெரிந்த மிகப் பெரிய எண் பத்து. நிறைய இருக்கிறது என்கிறாள். ஷம்ஸியா அழுதுவிட்டாள். நானும்தான்.

(* இந்த வாக்கியத்தை முதலில் 'பாடம் தள்ளப்பட்டது' என்று எழுதியிருந்தேன். படிக்க நன்றாகவே இருந்தது. யார் தள்ளினார்கள் என்றே தெரியவில்லை.)

4

நான்காம் பாடம் நடந்த வாரம், ஒரு செவ்வாய் மாலை வீடியோ வந்தது. நான் ஜங்ஷன் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். அர்வா பாயில் சுருண்டு உட்கார்ந்து உதட்டைத் தொடுகிறாள். விரித்த பத்து விரலையும் வயிற்றின்மேல் வைக்கிறாள். மறுபடி உதடு. மறுபடி வயிறு. பின்னாலிருந்து ஷம்ஸியாவின் குரல்: "பாத்தீங்களா டீச்சர், நீங்க வராத அன்னைக்கும் தானா உக்காந்து படிக்கா!"

கட்டைவிரல் உயர்த்திய படம் இரண்டு அனுப்பினேன்.

குடல்வால் வெடித்திருந்தது. வியாழக்கிழமை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அர்வா பிழைக்கவில்லை.

5

மாற்று முடிவு: டீச்சர் பஸ்ஸிலேயே வீடியோவை இரண்டாம் முறை பார்க்கிறாள். உடனே ஃபோன் செய்கிறாள். பிள்ளை...

கை கூசியது, விட்டுவிட்டேன். வலிக்குச் சொல் இல்லாத பிள்ளை, இருந்த 'சிவப்பு', 'பத்து' என்ற இரண்டு சொல்லை வயிற்றில் வைத்து, நிறைய வலிக்கிறது என்று தானே ஒன்று செய்திருக்கிறாள். அதைப் படித்திருக்க வேண்டிய ஆள் நான் ஒருத்திதான்.

6

நாற்பது நாள் கழித்து நேற்றுப் போனேன். ஷம்ஸியாவின் மடியில் இளையவன். ஒன்றரை வயது. அவனுக்கும் காது கேட்காது என்று போன வாரம்தான் தெரிந்ததாம்.

"வலிக்குன்னு எப்பிடிக் காட்டணுமோ, இவனுக்கு அத மொதல்ல சொல்லிக் குடுங்க டீச்சர். எனக்கும் காட்டுங்க. அவ எங்கிட்ட ஒருதடவ கூடச் சொல்லாமலே போயிட்டா."

அட்டவணையில் இருக்கும் சைகையைக் காட்டினால் கற்றுக்கொள்வாள். மகள் சொல்லவே இல்லை என்று நம்பி மிச்ச நாளை ஓட்டுவாள். அர்வா செய்ததைக் காட்டினால், தான் படம் பிடித்தது என்ன என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும். என் இரண்டு கட்டைவிரலும் கூடவே தெரியும். எனக்கு எது வசதி என்று உங்களிடம் சொல்லத் தேவையில்லை.

கதையில் நான் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். ஷம்ஸியா இரண்டு கையையும் மடியிலிருந்து எடுத்து, நான் செய்வதைத் திருப்பிச் செய்யக் காத்திருக்கிறாள். இளையவனும் என் கையைத்தான் பார்க்கிறான். [இங்கே ஒரு வாக்கியம் வர வேண்டும்.] கொஞ்சம் என் இடத்தில் உட்காருங்கள். எதைக் காட்டுவீர்கள்?