ஒரே ஆலையின் சத்தம்

கணவர் கரண்டியைத் தட்டில் போட்டதும் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். மாமியார் தட்டிலிருந்து நிமிராமலே சொன்னார்.

"காது கேக்கலன்னு ஆஸ்பத்திரிக்குப் போறவங்களப் பாத்திருக்கேன். கேக்குதுன்னு போறவள இப்பத்தான் பாக்கறேன்."

கொஞ்ச நாளாகவே இப்படித்தான். குழாய்த் தண்ணீர் வாளியில் விழுந்தாலும், பிளாஸ்டிக் பை கசங்கினாலும், தலைக்குள் ஆணி இறங்கியது. தகரத்தை அடித்து டப்பா மூடியாக்கும் ஆலையில் அவளும் கணவரும் பக்கத்துப் பக்கத்து இயந்திரம். அந்த இரைச்சலில் யாரும் வாயால் பேசுவதில்லை, எல்லாம் கைஜாடைதான். அவர்கள் காதலித்ததும் ஜாடையில்தான். கணவருக்கு இப்போது பாதி கேட்பதில்லை. ஆலையில் யாருக்கும் அது தெரியாது. எச்சரிக்கை மணி கேட்காதவனை இயந்திரத்தின் முன் நிற்க விடமாட்டார்கள்.

தொழிலாளர் ஆஸ்பத்திரி டாக்டர் போன தடவை காரணங்களைச் சொல்லிக்கொண்டு போனார். தலையில் அடி, முகவாதம், ஒற்றைத் தலைவலி, சில மருந்துகள், மனஉளைச்சல். பலருக்குக் காரணமே பிடிபடாதாம். கடைசியாக, நெடுநாள் இரைச்சல் என்றார். டாக்டரின் உதட்டையே பார்த்திருந்த கணவர் முந்திக்கொண்டார்: "இவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஒத்தத் தலைவலி சார்." டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. "அடுத்த தடவ நீங்களே யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார்.

அந்த அடுத்த தடவை இன்றைக்கு.

"தலைவலின்னே சொல்லிடு," என்றார் கணவர், கை கழுவியபடி. "ஆலைன்னு எழுதுனா எல்லார் காதையும் சோதிக்க வந்துடுவாங்க. என்னைய வீட்டுல உக்கார வெச்சுடுவாங்க."

"எனக்குத் தலைவலி வந்ததே உங்களக் கட்டுன பிறகுதான்."

"வெளையாடாத."

"நீங்க செவிடுன்னு யாருக்கும் தெரியக் கூடாது. அதுக்காக நான் பைத்தியம்னு ஊரே சொல்லணுமா? உங்க காத நீங்க மறைச்சுக்குங்க. என் காதுக்கு நான்தான் பேசுவேன்."

அவர் கூடவே வந்தார். ஆனால் டாக்டர் அறைக்குள் நுழையாமல் வெளிப்பெஞ்சில், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அவள் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

"என்ன வேல பாக்கறீங்க?" டாக்டர் அவள் காதுக்கு இதமாக, மெல்லக் கேட்டார்.

மெல்லச் சொல்லியிருக்கலாம். அவள் மூச்சை இழுத்து, ஓடும் இயந்திரத்தைத் தாண்டிப் பேசுகிறவளைப் போல அடிவயிற்றிலிருந்து சொன்னாள்: "தகர ஆலையில மூடி அடிக்கறேன் சார்! காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இடி!"

தன் குரலே அவள் மண்டையைப் பிளந்தது. கண்ணில் நீர் கட்டியது. வராந்தாவில் தலைகள் திரும்பின. பெஞ்சில் அந்த முதுகு மெல்ல நிமிர்ந்தது. அவள் குரலைத் தணிக்காமல் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினாள்.