அஞ்சாம் நம்பர் காடு

1

இந்தக் கதை ஒரே ஒரு சொல்லிலிருந்து வந்தது. வியாழக்கிழமை மதீசன் கேட்டான், அவன் மனைவி புனிதா சொன்னாள். திங்கட்கிழமை அவன் அறிக்கையை அனுப்பினான். செவ்வாய்க்கிழமை காலை அவன் எழவில்லை.

(புனிதா நான்தான். ‘அவள்’ என்று எழுதினால்தான் வரி நகர்கிறது.)

முதலில் எழுதிய தொடக்கம்: ‘காற்றுக்கும் நினைவு உண்டு...’ அடித்துவிட்டேன். மதீசன் சிரிப்பான்.

2

ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் இருந்த வீட்டில் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் பிறந்த தோட்டத்தில் கட்டப்போகும் மண்டபத்தின் கூரை தாங்குமா என்று பார்க்க, அவன் கணினியில் அதன்மேல் காற்றை ஓடவிட்டுக்கொண்டிருந்தான்.

“புனிதா, மண்டபத்துக்கு மேற்கால என்ன கிடக்கு?”

“அஞ்சாம் நம்பர் காடு.”

“வடிவாத் தெரியுமோ?”

“பொறந்து வளர்ந்த எடம் லா. என்னையப் போயி கேக்குறீங்க!”

(ஒரு விளக்கம், ஒரே தடவை. கணினிக்குள் காற்று நுழையும் எல்லையில், அது எந்த மாதிரி நிலத்தைக் கடந்து வந்தது என்று சொல்லியாக வேண்டும். மரங்கள் என்றால் தரையருகே வேகம் குறையும், சுழல் கூடும். வெட்டவெளி என்றால் நேரே வந்து அறையும். எல்லையில் தப்பு நேர்ந்தால், உள்ளே எவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்டும் பயனில்லை.)

3

மதீசன் ஈப்போ டவுனில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. காடு என்றால் அவனுக்கு மரம். தோட்டத்துச் சனங்களுக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டிய இடமெல்லாம் காடு. மரத்தைச் சாய்த்துப் பத்து வருஷம் ஆனாலும் பெயர் போகாது. அஞ்சாம் நம்பரில் இப்போது முழங்கால் உயரத்துக்கு லாலாங் புல்தான்.

கருமாதிக்குப் பிறகு, அவனோடு வேலை செய்த யுகேந்திரன் அறிக்கையின் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தான். “அண்ணன் கடைசியா செஞ்சது, வச்சிக்குங்க அக்கா. அடுத்த வாரம் கூரை ஏறுது.”

‘மேற்கு: அடர்ந்த மரங்கள்.’

சொன்னால் அவனுடைய கடைசிக் கணக்கு தப்பு என்றாகிவிடும். சொல்லாவிட்டால், ஒரு நாள் கூரை

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

4

முடிவு ஒன்று: அவள் சொல்லவில்லை. எழுதிப் பார்த்தேன். மூன்று வரிக்குமேல் அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கவில்லை.

முடிவு இரண்டு:

“தம்பி, அங்க மரமே இல்ல. நான்தான் காடுன்னு சொன்னேன்.”

“ஐயோ அக்கா! அண்ணன் எதையும் ரெண்டு தடவை பார்ப்பாரே. இத அப்படியே நம்பிட்டாரா?”

“பொண்டாட்டி சொன்னா நம்பாம?”

இருவரும் சிரித்துவிட்டார்கள். அந்த வீட்டில் அவ்வளவு சத்தம் கேட்டு நாளாகியிருந்தது.

யுகேந்திரன் எல்லையைத் திருத்தி மறுபடி ஓட்டினான். கூரைக்குப் போல்ட்டுகள் கூடின. மண்டபம் எழுந்துவிட்டது. பெரிய காற்று இன்னும் வரவில்லை, அதனால் முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்திய அறிக்கையில் எண்கள் எல்லாம் வேறு. சரிபார்த்தவர், யுகேந்திரன். கணக்கிட்டவர் என்ற இடத்தில் மதீசன் என்றே இருக்கிறது.