கப்பல் மூக்கில் ரோஸ் பெயின்ட்

கப்பலுக்கும் மூக்கு உண்டு. முன்பக்கம், தண்ணீருக்கு அடியில், சுரைக்காய் மாதிரி புடைத்திருக்கும். அலையின் இழுப்பைக் குறைத்து எண்ணெயை மிச்சம் பிடிக்கத்தான் அந்த வடிவம். சரக்கு ஏறியிருந்தால் தெரியாது. இறக்கியதும் கப்பல் மிதந்து எழும், மூக்கும் வெளியே வரும். எனக்குத் தண்டையார்பேட்டை குடோனில் வேலை. ஆனால் ஞாயிறு பூசை முடிந்தால் கேமராவும் கையுமாக அந்த மூக்கைத் தேடிப் போய்விடுவேன்.

“கப்பலுக்கு இன்னா ஜலதோஷமா மச்சான்? எப்பப் பாத்தாலும் மூக்கையே பாத்துகினு கீற?” என்பான் அம்புரோஸ், என் மனைவி சில்வியாவின் அண்ணன்.

அவன் ஒருநாள் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. படகு துண்டு துண்டாக எர்ணாவூரில் ஒதுங்கியது. ‘குடிபோதையில் படகைக் கவிழ்த்துவிட்டார்’ என்று விசாரணை ஆபீசர் எழுதிவிட்டார். சோடாவைத் தவிர எதையும் தொடாதவன் அவன். அவனைப் பெற்ற வியாகுலம்மாள் அந்த ஒரு வார்த்தையால் உடைந்து போனாள்.

அதற்கு அடுத்த ஞாயிறும் போனேன். எண்ணூருக்கு வெளியே, சரக்கை இறக்கிவிட்டு நங்கூரம் போட்டிருந்த கப்பலை வாடகைப் படகிலிருந்து படம் எடுத்தேன். சிவப்பு மூக்கின் நுனியில் ரோஸ் தீற்றல். கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். மாதா தேருக்கு அடித்து மிச்சமான ரோஸைத்தான் அம்புரோஸ் தன் படகுக்குப் பூசியிருந்தான். வேறு எவன் படகுக்கும் அந்த நிறம் கிடையாது, காசிமேடே கிண்டல் செய்யும்.

படத்தை வீட்டில் காட்டிவிட்டு, ஆபீசரிடம் மட்டும் கொடுத்தேன். வேறு யாருக்கும் காட்டாதே, விசாரணை கெட்டுவிடும் என்றார். நானும் நம்பித் தொலைத்தேன். கப்பல் கிளம்பிப் போனபிறகு கூப்பிட்டு, “இந்தக் காலத்துல போட்டோல எதை வேணா பூசலாம்பா. இது சாட்சி ஆகாது” என்றார்.

புத்தாண்டுக்கு அந்தக் கப்பல் ஏஜென்சியிலிருந்து குடோனுக்குக் காலண்டர் வந்தது. முதல் பக்கத்திலேயே என் படம். அதே அலை, ஓரத்தில் நான் இருந்த படகின் கயிறுகூட அப்படியே. மூக்கு மட்டும் பளிச்சென்று சிவப்பு.

அதை வீட்டுக்கு எடுத்துப்போனேன். வியாகுலம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

“இது நீ எடுத்ததுதான? நம்ம ரோஸு எங்க?”

“அழிச்சிட்டாங்க அத்தை.”

கப்பலின் மூக்கை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள்.

“இத்த அழிக்கத் தெரியுது. எம்புள்ளைய குடிகாரன்னு எழுதிக்கிறத மட்டும் அழிக்கத் தெரிலியா நைனா?”