பூஜ்யம் போட்டு மூடு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மாடிப்படியில் என்னை நிறுத்தி, பக்கத்து வீட்டுக்காரி பொரிந்து தள்ளியது இது. மருத்துவமனைக் கருவிகளுக்குள் அடித்தளமாக ஓடும் 'கெர்னல்' என்ற கணினி நிரலைத் திருத்துவது அவள் வேலை.

முதல் வரி: 'மழை தூறிய ஒரு மாலையில் அவள்...' (வேண்டாம். மழையும் இல்லை, எனக்குப் பொறுமையும் இல்லை.)

2

மருந்து செலுத்தும் கருவியில் குழாய் அடைத்தால் அலாரம் அடிக்க வேண்டும். ஒரு நாள் அடிக்கவில்லை. நோயாளி பிழைத்ததே பெரிய விஷயம். அலாரத்தை அணைத்துவிட்டான் என்று வார்டு நர்ஸை சஸ்பெண்ட் செய்தார்கள். நர்ஸ் அவளுடைய தம்பி.

"நான் அதைத் தொடவே இல்லக்கா."

நிரலைக் குடைந்தாள். குழாயைச் சோதிக்கும் பகுதி ஓர் எண்ணைத் திருப்பித் தர வேண்டும். பூஜ்யம் என்றால் கோளாறில்லை. வேறு எதுவானாலும் அலாரம். குழாய் அடைக்கும்போது மட்டும் என்ன எண்ணைத் தர வேண்டும் என்று யாரும் எழுதியே வைக்கவில்லை. கருவியின் நினைவகத்தில் அந்த இடத்தில் முன்பு எதற்கோ எழுதிக் கிடந்த குப்பை எண்தான் பதிலாகப் போனது. இத்தனை காலம் குப்பை வேறு ஏதோ எண்ணாக இருந்ததால் அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. அன்று குப்பை பூஜ்யமாக இருந்துவிட்டது.

3

நிரலைக் கருவிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர், அந்த எண் காலியாக இருக்கிறது என்று திரையில் எச்சரித்திருந்தது. அவளுடைய மேலாளர் திரையைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. "கம்பைலர் எச்சரிக்கைதானே? அந்த எண்ணுக்குத் தொடக்கத்துலயே பூஜ்யம் போட்டு மூடும்மா. எச்சரிக்கை போயிடும்."

"அலாரமும் போயிடும் சார். இப்ப எப்பவாவதுதான் அடிக்காம போகுது. அப்புறம் எப்பவுமே அடிக்காது."

"நாளைக்குப் புது நிரல் ரிலீஸ். சின்னத் திருத்தம்னு எழுதி அனுப்பு."

"என் தம்பியைப் பத்தி என்னன்னு எழுத?"

(மேலாளரை வில்லனாக்கிவிட்டேனோ? அவருக்கும் பிள்ளைகுட்டி உண்டு, மேலிடத்து நெருக்கடி உண்டு என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். நெருக்கடி யாருக்குத்தான் இல்லை?)

4

குழாய் அடைத்தால் கோளாறு எண்ணைத் திருப்பித் தரும் ஒரே ஒரு வரியை அவள் சேர்த்தாள். கீழே, 'குழாய் அடைத்தும் அலாரம் அடிக்காத பிழை. நர்ஸ் காரணமல்ல' என்று எழுதினாள். அது இப்போது மேலாளரின் ஒப்புதலுக்காக நிற்கிறது.

முடிவு ஒன்று: தம்பி வேலைக்குத் திரும்புகிறான்.

முடிவு இரண்டு: மேலாளர் அந்த வரியை அழித்துவிட்டு... (எழுதக் கை கூசுகிறது.)

நல்ல முடிவாக ஒன்றைப் போட்டு மூடினால் உங்களுக்கு நிம்மதி. அதற்கு நான் ஆளில்லை. காலியாக விட்டாலோ, எப்போதோ படித்த எந்தக் கதையின் முடிவாவது வந்து உட்கார்ந்துகொள்ளும். அதுவும் வேண்டாம். நீங்களே யோசித்து எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள். அந்தக் கருவியை வார்டிலிருந்து இன்னும் யாரும் எடுக்கவில்லை. அதன் குழாயை மாட்டியபடி ஒருவர் படுத்திருக்கிறார்.