கூலிப்படையினர் ஏன் ஓடவில்லை

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அறிவியல் புனைவு வீடியோ கேம் ஒன்றில் கூலிப்படையினரை* எதிரிகளாக வைத்தால் நம்பும்படி இருக்குமா? இருக்காது என்றேன் நான். இருக்கும் என்றாள் ஷெர்லி. நான் தோற்றேன். தோற்றவன் எழுதும் கதை என்பதால் இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் நிறைய மரியாதையும் கலந்திருக்கும்.

ஷெர்லி குமரிக் கடற்கரையில் உள்ள இனயத்துக்காரி. கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் பக்கத்தில், என் எலக்ட்ரிக்கல் கடையின் மேல்மாடியில் உட்கார்ந்து, பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்காக கேம் செய்கிறாள். கீழே நான் ஃபேன் விற்கிறேன், நடுநடுவே கதை எழுதுகிறேன். (ஃபேன் அளவுக்குக் கதை போவதில்லை.) கேமில் வரும் ஆட்களுக்கு வசனம் வேண்டும் என்று ஒருநாள் என்னை மேலே கூப்பிட்டாள்.

* நம் செய்தித்தாள்களில் கூலிப்படை என்றால் அரிவாளோடு பைக்கில் வருகிறவர்கள். இவர்கள் வேறு. சீருடை உண்டு, ஒப்பந்தம் உண்டு, துப்பாக்கி உண்டு.

2

தொடக்கத்தைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன்.

"தொலைதூரப் பனிநிலவில் அன்று காலை..." வேண்டாம். எனக்குக் குளிரே ஆகாது.

"மீன் வாடை வீசும் கடற்கரையில் பிறந்த ஷெர்லி, கணினியின் முன்..." இதை முடிப்பதற்குள் அவள் மாடியிலிருந்து இறங்கி வந்து என்னை உதைப்பாள்.

நேராகவே சொல்கிறேன், கேம் இதுதான். பனிநிலவில் ஐஸ் வெட்டும் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். அவர்களை அடக்கக் கம்பெனி கூலிப்படையை இறக்குகிறது. விளையாடுகிற நீங்கள் ஒரு தொழிலாளி. வருகிறவர்களைச் சுட வேண்டும், அவ்வளவுதான்.

3

(இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

எதிரி என்றால் வெறுப்பு வேண்டும் என்பது என் கட்சி. நாட்டுக்காகவோ சாமிக்காகவோ வருகிறவன் கடைசிவரை நிற்பான். சம்பளத்துக்கு வருகிறவன் எதற்கு நிற்க வேண்டும்? பக்கத்திலிருப்பவன் செத்து விழுந்தால் அவன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடுவதுதான் நியாயம். கேம்களில் மட்டும் கடைசி ஆள்வரை வந்து வந்து சாகிறார்கள். அதைத்தான் நம்ப முடியவில்லை என்று ஷெர்லியிடம் பிரசங்கமே செய்தேன்.

அவள் கன்ட்ரோலரை என் கையில் கொடுத்தாள்.

4

ஒருவனைச் சுட்டேன். விழுந்தான். அப்புறம் நடந்தது எனக்குப் புரியவில்லை. பாறைக்குப் பின்னால் பத்திரமாக இருந்த மற்றவர்களெல்லாம் வெளியே வந்தார்கள். சுடுவதை நிறுத்திவிட்டு, விழுந்தவனைச் சுற்றிக் குனிந்தார்கள். நான் அத்தனை பேரையும் சுட்டுத் தள்ளினேன்.

"ஷெர்லி, இதுல எங்கயோ தப்பு இருக்கு. சண்டையப் பாதியில விட்டுட்டு வாறானுவ."

"பின்னே? ஆளு விழுந்தா போயி எடுக்கண்டாமா?"

"குண்டு பாயும்போதா?"

"சாரே, கடல்ல ஒருத்தன் விழுந்தா வலைய வெட்டி விட்டுட்டு எல்லா வள்ளமும் போவும். முந்தின நாளு வலைக்குச் சண்டை போட்டவனுக்க வள்ளமும் போவும். நான் இத யோசிச்சு எழுதல்ல. வேற என்ன செய்வாவண்ணு எனக்குத் தோணவே இல்ல."

என்னுடைய கதைகளில் ஆட்களை ஓடவைப்பதற்கு நான் எவ்வளவு யோசித்திருக்கிறேன்! இவள் யோசிக்காமலேயே நிற்கவைத்திருக்கிறாள். பொறாமையாக இருந்தது. ரொம்பப் பெருமையாகவும் இருந்தது.

5

பெங்களூர்க் கம்பெனியில் முடிவெடுப்பவன் அனீஷ். எங்கள் பக்கத்து அருமனைக்காரன்தான், கெட்டவனும் இல்லை. (அவனை வில்லனாக்க ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன்.) வீடியோ காலில் அவன் என் கட்சியைத்தான் பேசினான்.

"சம்பளத்துக்கு வந்தவன் அடுத்தவனுக்காகக் குண்டு வாங்குவானா? ஆரு நம்புவா? அத எடுத்துரு ஷெர்லி. இல்லேண்ணா மொத்தமா ரோபோ வச்சிருவோம்."

ஷெர்லி நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"எனக்க அண்ணனும் சம்பளத்துக்குத்தான் போயிருக்கான்."

அண்ணன் ஷிபு. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, இப்போது வெளிநாட்டுப் பாலைவனம் ஒன்றில் எண்ணெய்க் குழாய்க்குத் துப்பாக்கியோடு காவல் நிற்கிறான். அங்கே சண்டை தொடங்கிவிட்டது. சில நாளாக போன் இல்லை. வீட்டில் அம்மா ஜெபமாலையைக் கீழே வைப்பதில்லை. இதெல்லாம் எனக்கு அப்போதுதான் தெரியும்.

"அவன் செத்தா பேப்பர்ல கூலிப்படைண்ணு போடுவாவ. போடட்டும். ஆனா அவன் விழுந்தா பக்கத்துல நிக்கவன் ஓடிப்போவாண்ணு எனக்க கையால எழுதமாட்டேன்."

அனீஷ், "செரி. வெளி ஆளுங்களுக்குக் குடுத்து விளையாட வச்சுப் பாப்போம். எடுக்க வாறவன முக்காவாசிப் பேரு சுட்டா, ரோபோதான்" என்றான்.

6

முடிவையும் பலவிதமாக எழுதிப் பார்த்தேன்.

அனீஷ் மனம் மாறிக் கண் கலங்குகிறான். அடித்துவிட்டேன்.

ஷிபு போன் பண்ணுகிறான். எழுதி ஷெர்லியிடம் காட்டினேன். "வேண்டாம் சாரே. அவன் நெசமாவே பண்ணட்டு" என்றாள். அதையும் அடித்துவிட்டேன்.

கடைசியில் எனக்கு ஒரே ஒரு வசனம்தான் கிடைத்தது. விழுந்தவனைத் தூக்க வருகிறவன் சொல்வதற்கு: "எனக்க கையப் பிடி மக்கா." ஷெர்லி படித்தாள். ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. பிறகு அந்த ஆளுக்கு ஒரு நடை கொடுத்தாள். இடதுதோள் கொஞ்சம் சாய்ந்த நடை. யாருடையது என்று நான் கேட்கவில்லை.

7

விளையாடிப் பார்க்கப்போகும் வெளி ஆட்களில் நீங்களும் ஒருவர்.

பனி கொட்டுகிறது. ஒருவன் விழுந்து கிடக்கிறான், சுட்டது நீங்கள்தான். பாறைக்குப் பின்னாலிருந்து இன்னொருவன் வருகிறான், இடதுதோள் சாய. உங்களைப் பார்த்துவிட்டான். துப்பாக்கியைப் பனியில் வைக்கிறான். உங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிகிறான்.

"எனக்க கையப் பிடி மக்கா."

இதற்குமேல் என்னால் எழுத முடியாது. கன்ட்ரோலர் உங்கள் கையில் இருக்கிறது. மாடியில் ஷெர்லி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.